மூன்றில் ஒரு பங்கு விமானம்

எனக்கு ஒரு விமானத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது என்று சொன்னால் ஊரில் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று, "பையன் அமெரிக்கா போயி பெரிய ஆளாயிட்டான்." இன்னொன்று, "எந்த மூணுல ஒண்ணு? றெக்கையா, வாலா?" இரண்டாவதைக் கேட்டது என் தாய்மாமா. விஷயம் தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது.

விமானம் ஒரு செஸ்னா 172. நான்கு இருக்கை, ஒரே எஞ்சின், மூக்கில் ஒரு புரொப்பெல்லர், தலைக்கு மேலே இறக்கை. 1973-இல் செய்தது. நான் பிறந்தது அதற்குப் பதினைந்து வருடம் கழித்து. 2019-இல் என் பங்குக்கு நான் கொடுத்த விலை 14,000 டாலர். அதே வருடம் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் ஒரு ஹோண்டா கார் வாங்கினார். நான் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு அவர் கொடுத்தார். அவரை யாரும் பெரிய ஆள் என்று சொல்லவில்லை.

ஐம்பது வருடப் பழைய வண்டியில் வானத்தில் போவதா என்று பதறுகிறவர்கள் அமெரிக்காவின் ஏதாவது ஒரு சின்ன விமான நிலையத்தைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். வேலியோரம் கயிறு கட்டி நிறுத்தியிருப்பதில் பெரும்பாலானவை என் விமானத்தின் வயதுதான், சில அதற்கும் மூத்தவை. காரணம் எளிது. 1978-இல் இந்த நாட்டில் ஏறத்தாழ 17,800 சிறு விமானங்கள் தயாராயின. 1994-இல் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே. நடுவில் பொருளாதாரச் சரிவு, வட்டி, இவற்றோடு வழக்குகள். முப்பது வருடம் முன்பு விற்ற விமானம் விழுந்தாலும் செய்த கம்பெனி கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. செஸ்னா 1986-இல் 172 செய்வதையே நிறுத்தியது. 1994-இல் கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு சட்டம், பெரும்பாலான வழக்குகளுக்குப் பதினெட்டு வருடம் என்று எல்லை போட்டது. அதன்பிறகுதான் 1996-இல் கேன்சஸில் புது ஆலையைத் திறந்தார்கள். இன்று புதிய 172 ஒன்று நான்கு லட்சம் டாலரைத் தாண்டும். அதே இறக்கை, கிட்டத்தட்ட அதே வேகம். எஞ்சினும் கருவிப் பலகையும் நவீனம், அவ்வளவுதான்.

ஆகவே பழையவற்றுக்கு ஒரு விசித்திரமான விலைக்கோடு. கார் ஷோரூம் வாசலைத் தாண்டியதும் விலை இறங்கத் தொடங்குகிறது. என் விமானம் இறங்க வேண்டியதெல்லாம் நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே இறங்கி முடித்துவிட்டது. பிறகு 2008-இல் ஒரு பள்ளம், 2020-க்குப் பின் ஒரு மேடு. வாங்கிய விலைக்குக் கீழே போகாத வண்டி என்று நண்பர்களிடம் பெருமையடிக்கலாம். ஆனால் அந்த விலையை அங்கேயே நிறுத்திவைக்க வருடாவருடம் ஊற்றும் பணத்தை யாரும் விலையோடு சேர்த்துச் சொல்வதில்லை. நானும் வீட்டில் சொல்வதில்லை.

மற்ற இரண்டு பங்கு யாருடையது? ஒருவர் ரசாயன ஆலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற எஞ்சினியர், வயது 74. என்னைக் 'கிட்' என்று கூப்பிடுவார். தமிழில் அதைத் 'தம்பி' என்றுதான் எழுத முடியும். இன்னொருவர் ஐ.சி.யு. நர்ஸ், நாற்பதுகளின் கடைசியில் இருப்பவர். இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் பார்ட்னர்ஷிப் என்று பெயர். நம்மிடம் இதைவிடத் துல்லியமான வார்த்தை இருக்கிறது, பங்காளி. ஒரே சொத்து, ஒரே கிணறு, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுதல், வரப்புத் தகராறு, எல்லாம் அந்த வார்த்தைக்குள்ளேயே உண்டு. எங்கள் கிணறு ஹூஸ்டனுக்குத் தெற்கே ஒரு தகர ஹேங்கரில் நிற்கிறது. ஹேங்கருக்கு ஆளுக்கு மாதம் 130 டாலர். இன்சூரன்ஸ் தனி. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எட்டு கேலன் பெட்ரோல், அதுவும் ஈயம் கலந்த விமானப் பெட்ரோல். அதோடு எஞ்சின் உண்டியலில் மணிக்கு 15 டாலர் போட வேண்டும்.

எஞ்சின் உண்டியல் எதற்கு என்று நாமக்கல்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் அப்பா இரண்டு லாரி வைத்திருந்தவர். எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் பாதி எஞ்சின் பேச்சு. எந்த வண்டிக்கு எஃப்.சி. வருகிறது, எந்த எஞ்சினை இறக்க வேண்டும், எந்தப் பார்ட்டி எவ்வளவு கேட்டது என்று. விமானத்துக்கும் வருடா வருடம் எஃப்.சி. உண்டு. ஆனுவல் என்பார்கள். அதற்கென்று தனி அனுமதி பெற்ற மெக்கானிக் மொத்தத்தையும் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த பன்னிரண்டு மாதம் பறக்கலாம். அவர் முதலில் பார்ப்பது இருக்கை ஓடும் தண்டவாளத்தை. சிரிக்காதீர்கள். பழைய செஸ்னாக்களில் அந்தத் தண்டவாளத்தின் ஓட்டைகள் தேய்ந்தால் பூட்டு பிடிக்காது. மேலேறும்போது இருக்கை சட்டென்று பின்னால் வழுக்கும். விமானி கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார், கைக்குக் கிடைப்பது ஸ்டியரிங். அதை இழுத்தால் மூக்கு இன்னும் தூக்கும். பலர் செத்திருக்கிறார்கள். 1987-இல் இதற்கென்று ஒரு கட்டாய உத்தரவு வந்தது, 2011-இல் அதைப் புதுப்பித்தார்கள். எங்கள் மெக்கானிக் இன்றும் ஓட்டை ஓட்டையாக அளக்கிறார். எங்கள் தொழிலில் ஒரு பக் கண்டுபிடித்தால் டிக்கெட் போட்டுவிட்டு மறந்துபோவோம். இங்கே அரசாங்கம் எழுதிய டிக்கெட், விமானம் குப்பைக்குப் போகும் வரை மூடாது.

பழைய விமானம் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது காகிதத்தை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. எங்கள் விமானத்தோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டி வந்தது. அதற்குள் 1973 முதல் எல்லா லாக்புக்குகளும், விமான உடலுக்குத் தனியாக, எஞ்சினுக்குத் தனியாக. அதே வருடம், அதே பெயின்ட், அதே எஞ்சின் மணிக்கணக்குள்ள இன்னொரு விமானத்துக்கு லாக்புக் தொலைந்திருந்தால் விலை அப்படியே சரியும். ஊரில் பழைய கார் விற்கும்போது "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி" என்று சொல்வார்களே, அந்த டாக்டரை யாரும் பார்த்ததில்லை. இங்கே டாக்டர் இருந்தாரா என்று பக்கம் புரட்டிப் பார்க்கலாம்.

நான் ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கத்தில் விச்சிட்டா ஆலையின் முத்திரை. எழுபதுகளில் ஏதோ ஒரு பயிற்சிப் பள்ளி, மாதம் எண்பது மணி நேரம் ஓட்டித் தள்ளியிருக்கிறது. 1988-இல் மூக்குச் சக்கரம் தரையில் அடித்து எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவர் நெளிந்திருக்கிறது. 172-இல் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் சேதம் அது. பழுதுபார்த்த கணக்கு, அரசாங்கப் படிவம், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்துக்காக முப்பது வருடம் கழித்து நாங்கள் பேரம் பேசிச் சில ஆயிரம் குறைத்தோம். தொண்ணூறுகளில் ஒருவர் மிக அழகான சாய்வெழுத்தில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு ஆயில் மாற்றமும் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் மாதிரி. பிறகு 2011-இல் இரண்டு வரிகளுக்கு நடுவே ஏழு மாதம். எழுத்து எதுவும் இல்லை. அடுத்தடுத்த வரிகள்தான், தேதியைப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஏழு மாதம் விமானம் பறக்கவே இல்லை.

அந்த இடைவெளி ஏன் முக்கியம் என்பதற்கு எஞ்சினைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது லைகமிங் ஓ-320, நான்கு சிலிண்டர், 150 குதிரைத் திறன். இதில் கேம்ஷாஃப்ட் எஞ்சினின் உச்சியில், கிராங்குக்கு மேலே இருக்கிறது. ஓடும்போது கிராங்க் வாரியடிக்கும் ஆயிலில் நனைந்துகொண்டிருக்கும். நிறுத்தினால் ஆயில் மெல்லக் கீழே வடிந்துவிடும். ஹூஸ்டன் ஈரக்காற்றில் சில மாதம் விட்டால், காய்ந்துபோன அந்த இரும்பில் துருப் புள்ளி விழலாம். அடுத்து ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில்கூடத் தெரியாமல் இருக்கும். அப்பாவிடம் வீடியோ காலில் இதை விளக்கினேன். அவர் கேம்ஷாஃப்ட் படத்தைக் கேட்கவில்லை.

"நிக்கற வண்டிக்குத்தான் கண்ணு செலவு. ஓடற வண்டிக்கு டீசல் ஊத்துனாப் போதும்."

லைகமிங் இந்த எஞ்சினுக்கு எழுதியிருக்கும் ஓவர்ஹால் கணக்கு 2,000 மணி நேரம், அல்லது பன்னிரண்டு வருடம். சொந்தத்துக்கு ஓட்டுகிறவர்களை அது சட்டப்படி கட்டுப்படுத்தாது, பரிந்துரைதான். போன வருடம் எங்கள் எஞ்சின் 1,930-ஐத் தொட்டது. அப்போதுதான் என் மனைவி அந்த எண்ணைப் பார்த்தாள்.

"ரெண்டாயிரம்தான் கணக்குன்னு நீதான சொன்ன?"

"அது ஒரு சராசரி மாதிரி. அதைத் தாண்டியும் நல்லா ஓடும்."

"ஓடட்டும். பாப்பாவ ஏத்தாத. புது எஞ்சின் போட்டப்புறம் பாத்துக்கலாம்."

பாப்பாவுக்கு ஆறு வயது. முன் இருக்கையில் இரண்டு குஷன் போட்டு உட்காரவைத்தால் ஜன்னலுக்கு எட்டிவிடுவாள். மனைவி சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் படித்தது வேறாக இருந்தது.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் கடலோரப் படைக்கு லிபரேட்டர் விமானங்கள் இருந்தன. நீர்மூழ்கிகளைத் தேடுவது அவற்றின் வேலை. ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை. சி. எச். வாடிங்டன் என்ற உயிரியலாளர் அந்தப் பராமரிப்புக் கணக்குகளை எடுத்து வரைந்து பார்த்தார். பரிசோதனை முடிந்த உடனே எதிர்பாராத பழுதுகள் ஏறுகின்றன, பறக்கப் பறக்க இறங்குகின்றன. நல்ல நிலையில் இருந்ததைத் திறந்து மூடும் கைகளே பழுதையும் கொண்டுவந்தன. 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் இருவரும் எழுதிய அறிக்கை இதை இன்னும் விரித்தது. அவர்கள் பார்த்த விமானப் பாகங்களில் வயதாக ஆகப் பழுது கூடுகிறது என்று சொல்லத்தக்கவை 11 சதவீதம்தான். 68 சதவீதம் நேர் எதிர்: புதிதாகப் போட்டபோது ஆபத்து அதிகம், பிறகு சமநிலை. புது ரிலீஸ் போட்ட வெள்ளிக்கிழமை இரவு தூங்காமல் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் இந்த வளைகோட்டைத் தெரியும். ஆனால் அது பெரிய ஜெட்களின் கணக்கு. வருடத்துக்கு எண்பது மணி நேரம் பறந்து மீதி நாள் ஈரத்தில் நிற்கும் ஒரு லைகமிங்குக்கு அதை அப்படியே போடலாமா என்பது வேறு விஷயம். மனைவியிடம் அந்த அறிக்கையை நான் காட்டவில்லை. ஆறு வயதுக் குழந்தையை சதவீதத்தில் உட்காரவைக்க முடியாது.

நர்ஸ் பங்காளிக்குக் குழப்பமே இல்லை. "பேஷன்ட் ஸ்டேபிளா இருக்கார். எதுக்கு ஆபரேஷன்?" ஸ்டேபிள்தான். ஒவ்வொரு சிலிண்டரிலும் 80 அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். எங்களுடையது 76, 74, 75, 71. கேமரா விட்டு எடுத்த படத்தில் வால்வுகள் வட்டம் கலையாமல் இருந்தன. எரிந்துபோகும் வால்வில் ஒரு ஓரம் மட்டும் நிறம் மாறியிருக்கும். அப்படி எதுவும் இல்லை. 2,000 தாண்டியது. 2,060 ஆனது.

அந்தச் சமயத்தில்தான் பெரியவர் விலகுவதாகச் சொன்னார். இதயத்தில் ஒரு ஸ்டென்ட். மருத்துவச் சான்றிதழுக்கு மறுபடி அலைய விருப்பமில்லை. எங்கள் ஒப்பந்தப்படி மற்ற இருவரும் அவர் பங்கை வாங்கலாம், அல்லது மொத்தமாக விற்றுப் பிரிக்க வேண்டும். எனக்கு வீட்டுக்கடன், நர்ஸுக்கு மகனின் கல்லூரி. விளம்பரம் கொடுத்தோம். நேரம் தீர்ந்த எஞ்சினோடு விற்பதா, ஓவர்ஹால் செய்து விற்பதா என்று மூவரும் ஒரு மாலை முழுக்கக் கணக்குப் போட்டோம். பொதுவாக ஓவர்ஹாலுக்குப் போட்ட பணம் முழுதாக விலையில் திரும்பி வராது. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி, பார்க்கிறவர் மெச்சுவார், காசு கொடுக்க மாட்டார். இருக்கிறபடியே விற்பது என்று முடிவானது.

ஒரு பார்ட்டி வந்தார். மகன் ஏர்லைன் பைலட் ஆக வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம் தேவை, வாடகை விமானத்தில் ஓட்டிக் கட்டுப்படியாகாது. பெரும்பாலான பழைய 172-கள் இப்படித்தான் கைமாறுகின்றன. போனில் 72,000 டாலர் என்று பேசி முடித்தார். சனிக்கிழமை மெக்கானிக்கோடு வருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை பெரியவர் ஆயில் மாற்றினார். பைலட் உரிமமுள்ள சொந்தக்காரர் அதைத் தானே செய்யலாம், லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். பழைய ஃபில்டரை அறுத்து, உள்ளே மடித்திருக்கும் காகிதத்தை விரித்து, வைஸில் வைத்துப் பிழிந்து, வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்ப்பது அவர் வழக்கம். அலுவலகம் முடிந்து நான் போனபோது விளக்கைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார். துணியில் எட்டு மினுக்கம். ஊசி நுனி அளவு. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். எட்டும் ஒட்டின.

அலுமினியமாக இருந்தால் வேறு கதை. இரும்பென்றால் கேம்ஷாஃப்டாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எட்டுத் துகளுக்கு எஞ்சினை இறக்கச் சொல்லி யாரும் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் பறந்து அடுத்த ஃபில்டரைப் பார் என்பார்கள். புது ஃபில்டர் ஏற்கனவே மாட்டியாகிவிட்டது. பழையது குப்பைத் தொட்டிக்கு ஓரடி தூரத்தில்.

நான் எதுவும் சொல்வதற்கு முன் அவர் லாக்புக்கை எடுத்தார். தேதி, மணி நேரம், ஆயில் மாற்றம், ஃபில்டர் மாற்றம். அதற்குக் கீழே, "ஃபில்டரில் எட்டு இரும்புத் துகள். காந்தத்தில் ஒட்டுகின்றன." கையெழுத்து, உரிம எண்.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாமே," என்றேன். மெக்கானிக்கைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்ற அர்த்தத்தில்தான் கேட்டேன். அவருக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கலாம்.

"தம்பி, அந்தப் பையன் மெக்ஸிகோ வளைகுடா மேல ராத்திரி பறப்பான்," என்றார். பேனாவை மூடினார். பிறகு என் மனைவி பற்றி, பாப்பாவின் பள்ளி பற்றிக் கேட்டார்.

சனிக்கிழமை வந்த மெக்கானிக் முதல் இரண்டு மணி நேரம் விமானத்தைத் தொடவே இல்லை. பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசிப் பக்கம் வந்ததும் வாங்க வந்தவரைக் கூப்பிட்டு விரலால் காட்டினார். பிறகு முன்னால் புரட்டி, 2011-இன் ஏழு மாதத்தையும் காட்டினார். அவர் திறமைசாலி. பார்ட்டி மரியாதையாகப் பேசினார். 50,000 என்றார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்றோம்.

பத்து மணி நேரம் ஊரைச் சுற்றியே பறந்து அடுத்த ஃபில்டரை அறுத்தபோது எண்ணவே முடியவில்லை. ஒரு சிலிண்டரைக் கழற்றினார்கள். கேம் மேட்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அதன்மேல் உரசும் டேப்பட்டின் முகம் பெயர்ந்திருந்தது. "இப்ப ஆபரேஷன்," என்றார் நர்ஸ்.

கழற்றி, அனுப்பி, ஓவர்ஹால் செய்து, திரும்ப மாட்ட 41,000 டாலர். உண்டியலில் இருந்தது 20,400. மீதிக்கு ஆளுக்கு 6,900 போட வேண்டும். பெரியவர் எப்படியும் விலகுகிறவர், இதைப் போட மறுத்திருந்தால் நாங்கள் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் செக் எழுதினார். ஐந்து மாதம் கழித்து எஞ்சின் வந்தபின், தன் பங்கை ஒரு இளம் பறக்கும் ஆசிரியைக்கு 32,000-க்கு விற்றார். "பாத்தியா, 24,000-க்குப் போக வேண்டியது," என்று என்னிடம் சிரித்தார். 32,000-இல் அவர் போட்ட 6,900 போனால் 25,100, ஆக 1,100 லாபம் என்பது அவர் கணக்கு. அன்றே விற்றிருந்தால் உண்டியலில் இருந்த அவருடைய 6,800-உம் கைக்கு வந்திருக்கும். அதைச் சேர்த்தால் 5,700 நஷ்டம், ஐந்து மாத ஹேங்கர் வாடகை தனி. ரசாயன ஆலையில் நாற்பது வருடம் கணக்குப் பார்த்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. நானும் திருத்தவில்லை.

புது எஞ்சினை மெல்ல ஓட்டக் கூடாது. ரிங்குகள் சிலிண்டர் சுவரில் படிந்து உட்கார வேண்டும் என்பதற்காகத் தரையில் ஓடவிடுவதைக் குறைத்து, ஏறியதும் அதிக பவரில் மணிக்கணக்காக ஓட்டச் சொல்கிறார்கள். சாதாரண மினரல் ஆயில் ஊற்றி, முதல் பத்து மணி நேரம் விமான நிலையத்தை விட்டு விலகாமல் வட்டமடித்தேன். எது நடந்தாலும் இறங்க ஓடுதளம் கீழேயே இருக்கட்டும் என்று. காது எஞ்சினிலேயே இருந்தது. 2,060-இல் நான் இப்படிக் காது கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "புது எஞ்சின் வந்தாச்சுல்ல, பாப்பா எப்ப ஏறலாம்?"

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும். அம்பது மணி நேரம் ஆகட்டும்."

"ஏன்?"

நௌலன், ஹீப், வாடிங்டன் மூவரையும் சுருக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்ப அந்தப் பழைய எஞ்சின்லயே ஏத்தியிருக்கலாம்னு சொல்ற."

"அதுல கேம்ஷாஃப்ட் போயிருந்துச்சே."

"அது அப்ப உனக்குத் தெரியாதுல்ல?"

பாப்பா இரண்டு குஷனையும் எடுத்துக் காரில் போட்டு வைத்திருக்கிறாள். இன்றைக்கு 31 மணி நேரம் ஆகியிருக்கிறது.